அடுத்து எந்த ரெக்கார்டு வாங்கலாம்? இண்டி, சோல், ஜாஸ், நியூ வேவ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒருவருக்கு ஒரு நல்ல ரெக்கார்டைச் சொல்லிவிட்டால் போதும், அடுத்த வாரம் அவருடைய மைத்துனர் போன் செய்வார். அப்படி வருஷக்கணக்காக வந்து, திரும்பத் திரும்பக் காதில் விழுந்த கேள்விகள் இவை. கேட்டவர்கள் வாயில் வந்தபடியே விட்டிருக்கிறேன். பதில்களில் என் விருப்பு வெறுப்பு நிறையவே இருக்கும். சரி, ஆரம்பிக்கலாம்.

1. இண்டி, சோல், ஜாஸ், நியூ வேவ்னு ஒரே மூச்சுல சொல்றீங்களே, இதெல்லாம் என்னங்க? ஒண்ணுக்கொண்ணு சம்பந்தம் இருக்கா?

ஜாஸ், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நியூ ஆர்லியன்ஸ் நகரத்துக் கறுப்பின மக்களிடம் உருவானது. ஒரு மெட்டை எடுத்துக்கொண்டு அந்த நேரத்துக் கற்பனையில் விரித்துக்கொண்டே போவதுதான் அதன் உயிர். சோல், தேவாலயத்தில் பாடிப் பழகிய குரல் வெளியே வந்து காதலையும் கஷ்டத்தையும் பாடியபோது பிறந்தது. 1970களின் கடைசியில் பங்க் என்ற முரட்டு ராக் வாசித்த இளைஞர்கள் கொஞ்சம் ஒழுங்காக வாசிக்கக் கற்றுக்கொண்டு, சிந்தசைசரையும் நடன தாளத்தையும் சேர்த்துக்கொண்டது நியூ வேவ். இண்டி பற்றி 6ஆம் கேள்வியில் சொல்கிறேன், அது ஒரு தனிக் கதை.

சம்பந்தம் இருக்கிறதா என்றால், நிறைய இருக்கிறது. ஆனால் கடையில் வைத்திருக்கும் தட்டிகளைப் பார்த்தால் தெரியாது, ரெக்கார்டு கவரின் பின்பக்கத்தைப் பார்த்தால்தான் தெரியும். சோல் பாடகி நியூ வேவ் ரெக்கார்டில் பின்னணி பாடியிருப்பார். ஜாஸ் சாக்ஸபோன்காரர் எலக்ட்ரானிக் ஆல்பத்தில் வாசித்திருப்பார். யார் என்ன கேட்டாலும் கடைசியில் நான் சொல்வது இதுதான்: கவரைத் திருப்புங்கள்.

2. நான் இளையராஜா, ரஹ்மான் மட்டுமே கேட்டு வளர்ந்தவன். இங்கிலீஷ் பாட்டு வார்த்தை பாதி புரியாது. எங்கேர்ந்து ஆரம்பிக்கிறது?

ராஜா பாட்டில் பேஸ் கிதாரை மட்டும் பிரித்தெடுத்துக் கேட்கிற பழக்கம் உங்களுக்கு இருந்தால் பாதி வேலை முடிந்தது. மார்வின் கேயின் ‘வாட்ஸ் கோயிங் ஆன்’ (1971) வாங்குங்கள். மோட்டவுன் நிறுவனத்தின் பேஸ் கலைஞர் ஜேம்ஸ் ஜேமர்சன் அதில் வாசித்திருப்பதை ஒரு தடவை காதால் பிடித்துவிட்டால், வரிகள் புரியவில்லையே என்ற கவலை போய்விடும். பாட்டுகள் ஒன்றுக்குள் ஒன்று வழிந்துகொண்டே போகும், நடுவில் எழுந்து போக மனசு வராது. இதன் தலைப்புப் பாட்டை வெளியிடவே மோட்டவுன் முதலாளி பெர்ரி கோர்டி தயங்கினார். வெளியானதும் கடகடவென்று விற்றது.

இரண்டாவது, பில் விதர்ஸின் ‘ஜஸ்ட் ஆஸ் ஐ ஆம்’ (1971). விமானங்களுக்குக் கழிப்பறை செய்யும் தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது அவர் பதிவு செய்த முதல் ஆல்பம். கவர் படத்தில் கையில் சாப்பாட்டுப் பெட்டியோடு நிற்கிறார். அதுவும் அந்தத் தொழிற்சாலை வாசலிலேயே எடுத்ததுதான். ‘எய்ன்ட் நோ சன்ஷைன்’ பாட்டில் ‘ஐ நோ’ என்று 26 தடவை சொல்வார். அங்கே வேறு வரிகள் எழுதத்தான் நினைத்திருந்தார். கூட இருந்த வாத்தியக்காரர்கள் ‘அப்படியே விடு’ என்றார்கள். இங்கிலீஷ் புரியாதவருக்கு இதைவிட நல்ல பாட்டு ஏது?

3. ஜாஸ் போட்டா ரெண்டு நிமிஷத்துல தூக்கம் வருது. எனக்கு மட்டும்தானா?

நிறையப் பேருக்கு வரும். மெட்டு எங்கே, பாட்டு எங்கே என்று தேடுவதால் வருகிற அலுப்பு அது. கச்சேரியில் ஆலாபனைக்கு யாரும் வரி தேடுவதில்லையே!

மைல்ஸ் டேவிஸின் ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’வை எடுத்துக்கொள்ளுங்கள். 1959இல் நியூயார்க்கில் மார்ச் மாதம் ஒரு நாள், ஏப்ரலில் ஒரு நாள், அவ்வளவுதான், பதிவு முடிந்துவிட்டது. முதல் பாட்டு ‘ஸோ வாட்’. பேஸ் ஒரு கேள்வி கேட்கும், மற்ற வாத்தியங்கள் இரண்டே ஸ்வரத்தில் ‘அதனாலென்ன’ என்று பதில் சொல்லும். அந்தப் பாட்டு நிற்பது டோரியன் என்கிற ஸ்வர வரிசையில். அது நம் கரகரப்பிரியாவின் ஸ்வர வரிசையேதான். கமகம் இருக்காது, பிடிகள் இருக்காது, ராகமே வேறு ஆள் போலத் தெரியும். ஆனாலும் ஸ்வரங்கள் வீட்டு ஸ்வரங்கள். நடுவில் நாலு எண்ணிக்கை கொண்ட எட்டு ஆவர்த்தனத்துக்கு மட்டும் எல்லாவற்றையும் அரை ஸ்வரம் மேலே தூக்கிவிட்டுத் திரும்ப இறக்குவார்கள். அது எப்போது வருகிறது என்று விரலில் எண்ணிக்கொண்டே கேளுங்கள், தூக்கம் வராது.

தாளத்தில் ருசி உள்ளவர் என்றால் டேவ் ப்ரூபெக்கின் ‘டைம் அவுட்’ (1959). அதில் வரும் ‘டேக் ஃபைவ்’ ஐந்து எண்ணிக்கையில் நடக்கும், மூன்றும் இரண்டுமாக. நமக்குக் கண்டம் கைவந்த விஷயம். அன்றைக்கு அமெரிக்கர்களுக்கு அது தலைசுற்றல்.

4. சோல்னா சோகப் பாட்டுதானே?

இல்லை. கல்யாண வீட்டில் ஆடவைக்கிற பாட்டுகள் பாதிக்கு மேல். டெட்ராய்ட் நகரத்து மோட்டவுன் பளபளவென்று இஸ்திரி போட்ட சட்டை மாதிரி. மெம்ஃபிஸ் நகரத்து ஸ்டாக்ஸ் நிறுவனம் வேர்த்து நனைந்த சட்டை. எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். ஓட்டிஸ் ரெட்டிங்கின் ‘ஓட்டிஸ் ப்ளூ’ (1965) பெரும்பகுதி ஒரே நாளுக்குள் பதிவானது. வாத்தியக்காரர்களுக்கு ராத்திரி வேறு இடத்தில் கச்சேரி இருந்ததால் நடுவில் ஓர் இடைவேளை விட்டு, அவர்கள் திரும்பி வந்ததும் தொடர்ந்தார்கள்.

இந்தக் காலத்துப் பதிவு வேண்டுமென்றால் புரூக்ளினில் இருக்கும் டாப்டோன் நிறுவனத்தின் எதையும் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம். ஷரோன் ஜோன்ஸ் ஒரு காலத்தில் சிறைக் காவலராக வேலை பார்த்தவர், முதல் ஆல்பம் வந்தபோது நாற்பதைத் தாண்டிவிட்டார். அவருடைய ‘100 டேஸ், 100 நைட்ஸ்’ (2007) நல்ல வாசல். சார்ல்ஸ் பிராட்லிக்கு முதல் ஆல்பம் 2011இல், அறுபது வயதுக்கு மேல். அந்தக் குரலில் அத்தனை வருஷமும் இருக்கிறது. ஏமி வைன்ஹவுஸின் ‘பேக் டு பிளாக்’ உங்களுக்குப் பிடிக்குமா? அதில் பல பாட்டுகளுக்கு வாசித்தது ஷரோன் ஜோன்ஸின் டாப்-கிங்ஸ் குழுதான். கவரைத் திருப்பினால் தெரியும்.

5. நியூ வேவ் எல்லாம் 80களோட தலைமுடி ஸ்டைல்தானே, அதுல என்ன இசை இருக்கு?

தலைமுடி விஷயத்தில் வாதாட மாட்டேன். ஆனால் டாக்கிங் ஹெட்ஸின் ‘ரிமெய்ன் இன் லைட்’ (1980) கேட்டுவிட்டு இந்தக் கேள்வியைத் திரும்பக் கேளுங்கள். நைஜீரியாவின் ஃபெலா குட்டியைக் கேட்டுக் கேட்டு, ஒரே தாள வளையத்தின் மேல் அடுக்கு அடுக்காகக் கட்டிய ஆல்பம். தயாரிப்பு பிரையன் ஈனோ. பின்னணி பாடிய நோனா ஹென்ட்ரிக்ஸ், லபெல் என்ற சோல் குழுவைச் சேர்ந்தவர். 1ஆம் கேள்வியில் சொன்னேனே, அந்த ஆள் இவர்தான்.

அடுக்குகளே வேண்டாம், அமைதி வேண்டும் என்றால் கார்டிஃப் நகரத்து யங் மார்பிள் ஜயன்ட்ஸின் ‘கொலாசல் யூத்’ (1980). டிரம்ஸ் வாசிக்க ஆள் கிடையாது, ஒரு தாளப் பெட்டி மட்டும். பக்கத்து அறையில் யாரோ தனக்குத்தானே பாடிக்கொள்கிற மாதிரி இருக்கும். நான் சொல்லி வாங்கியவர்களில் பாதிப் பேர் ‘இது டெமோவா?’ என்றார்கள். மீதிப் பேர் அதை விடவே இல்லை.

6. இண்டிங்கறது ஒரு இசை வகையா இல்லையா? ஒவ்வொருத்தர் ஒவ்வொண்ணு சொல்றாங்க.

முதலில் அது யார் காசு போட்டார்கள் என்பதைச் சொல்லும் வார்த்தை, அப்புறம்தான் ஓசையின் பெயராக மாறியது. 1977 ஜனவரியில் மான்செஸ்டர் நகரத்து பஸ்காக்ஸ் குழு 500 பவுண்டு கடன் வாங்கி, தாங்களே ஒரு நிறுவனப் பெயர் வைத்து ‘ஸ்பைரல் ஸ்க்ராட்ச்’ என்ற நாலு பாட்டு ரெக்கார்டைப் போட்டார்கள். ஆயிரம் பிரதி அடித்தார்கள், போகப் போக 16,000 விற்றது. ‘அட, நாமே போடலாமே’ என்று பிரிட்டனில் ஊருக்கு ஊர் கிளம்பிவிட்டார்கள். 1980இல் இப்படிப்பட்ட சின்ன நிறுவனங்களுக்கென்றே தனி விற்பனைப் பட்டியல் வந்தது.

நாளாக நாளாக, மெல்லிய கிதாரும் கூச்சப்பட்ட குரலும் இருந்தாலே இண்டி என்று ஆகிவிட்டது. அந்த அர்த்தத்தில் கேட்டால் என் கை நேராகப் போவது பெல் அண்ட் செபாஸ்டியனின் ‘டைகர்மில்க்’குக்கு (1996). கிளாஸ்கோவில் ஒரு கல்லூரியின் இசை வணிகப் படிப்பு மாணவர்களின் திட்டப்பணியாக வந்தது, மொத்தம் ஆயிரம் பிரதி. அந்தப் பிரதியைத் தேடி அலைய வேண்டாம், 1999இலேயே மறுபதிப்பு வந்துவிட்டது.

7. அதான் ஸ்பாட்டிஃபையே அடுத்து என்ன கேக்கணும்னு சொல்லுதே. நீங்க எதுக்கு?

நியாயமான கேள்வி. நானும் அதைக் கேட்கிறேன். ஆனால் உங்களுக்குப் பிடித்ததைப் போலவே இன்னொன்றை அது கொடுக்கும். சாம்பார் பிடித்தவருக்குப் பக்கத்துக் கடைச் சாம்பார். கவரின் பின்பக்கம் உங்களைப் பாயசத்துக்குக் கூட்டிப் போய்விடும்.

ஒரு பாதை சொல்கிறேன், நானே நடந்தது. ‘ரிமெய்ன் இன் லைட்’ பாடியவர் டேவிட் பர்ன். அவர் 1988இல் லுவாகா பாப் என்று ஒரு நிறுவனம் தொடங்கினார். அந்தப் பெயரைத் தேடிப் போனால் 2021இல் வந்த ‘ப்ராமிஸஸ்’ கிடைக்கும். ஃப்ளோட்டிங் பாயின்ட்ஸ் என்ற எலக்ட்ரானிக் இசைக்காரர், லண்டன் சிம்ஃபனி இசைக்குழு, இவர்களோடு 80 வயது ஃபாரோ சாண்டர்ஸ் சாக்ஸபோன். ஒரே சின்ன ஸ்வரக் கொத்து முக்கால் மணி நேரம் திரும்பத் திரும்ப வரும், அதன் மேல் அந்தக் கிழவர் முணுமுணுப்பார், அழுவார், சும்மா இருப்பார். அவர் சும்மா இருக்கிற இடங்கள்தான் எனக்கு மிகவும் பிடித்தவை.

அதே சாண்டர்ஸ் ஐம்பது வருஷம் முன்னால் யாரோடு வாசித்தார்? ஆலிஸ் கோல்ட்ரேனோடு, ‘ஜர்னி இன் சச்சிதானந்தா’ (1971). யார் அந்தச் சச்சிதானந்தா? கோயம்புத்தூர் பக்கம் செட்டிபாளையத்தில் 1914இல் பிறந்து அமெரிக்கா போன சுவாமி சச்சிதானந்தர். 1969 வுட்ஸ்டாக் இசை விழாவைத் தொடங்கிவைத்துப் பேசியவர். கணவர் ஜான் கோல்ட்ரேன் 1967இல் இறந்தபின் தவித்துக்கொண்டிருந்த ஆலிஸுக்கு அவர் குருவானார். ஹார்ப்பும் தம்புராவும் சேர்ந்து ஒலிக்கும் அந்த ஆல்பம், நியூயார்க் நியூ வேவ் குழுவில் கிளம்பிய என்னைக் கொங்கு நாட்டு ஊர் ஒன்றுக்குக் கொண்டுவந்து விட்டது. எந்த ஸ்பாட்டிஃபை கணக்கீடும் எனக்கு அப்படிச் செய்ததில்லை.

8. வேற தமிழ்த் தொடர்பு ஏதாவது? பெருமைக்காகக் கேக்கல, காது பிடிச்சுக்க ஒரு கொம்பு வேணும்.

சக்தி குழுவின் முதல் ஆல்பம் (1976). ஜான் மக்லாஃப்லினின் கிதாரோடு எல். சங்கரின் வயலின், ஜாகிர் உசேனின் தபலா, ராமநாதபுரம் ராகவனின் மிருதங்கம், விக்கு விநாயக்ராமின் கடம். மேடையில் நேரடியாகப் பதிவானது. மக்லாஃப்லின் அதற்கு முன்னால் மைல்ஸ் டேவிஸோடு வாசித்தவர், ஆக 3ஆம் கேள்வியிலிருந்து இங்கே வர ஓர் எட்டுதான். விநாயக்ராமின் மகன் செல்வகணேஷ் இருந்த பிந்தைய சக்தியின் ‘திஸ் மொமென்ட்’ (2023) கிராமி வாங்கியது. ஆனாலும் முதல் ஆல்பத்தின் வெறி அதில் இல்லை என்பது என் எண்ணம்.

அமெரிக்காவில் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்த பியானோக் கலைஞர் விஜய் ஐயரின் ‘ஹிஸ்டாரிசிட்டி’ (2009) அடுத்தது. அதில் எம்.ஐ.ஏ.வின் ‘கலாங்’ பாட்டைப் பியானோ, பேஸ், டிரம்ஸ் மட்டும் வைத்துப் பிய்த்து எடுத்திருக்கிறார். அந்த எம்.ஐ.ஏ. ஈழத்துக் குடும்பத்தைச் சேர்ந்த லண்டன்காரி. அப்பா பெயரில் ‘அருளர்’ (2005), அம்மா பெயரில் ‘கலா’ (2007) என்று இரண்டு ஆல்பம் போட்டார். ‘கலா’வில் சென்னையில் பதிவு செய்த உறுமிச் சத்தம் காதைப் பிளக்கும். அதே ஆல்பத்தின் ‘பேப்பர் பிளேன்ஸ்’, தி கிளாஷ் என்ற பங்க் குழுவின் 1982ஆம் வருஷத்துப் பாட்டுத் துண்டின் மேல் கட்டியது. ஜாஸிலிருந்து உறுமி வழியாகப் பங்க்குக்கு ஒரே பத்தியில் வந்துவிட்டோம், பாருங்கள்.

9. அதே ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’ வேற கம்பெனியில பாதி விலைக்குக் கிடைக்குது. வாங்கலாமா?

கேட்க மட்டும் என்றால் வாங்கலாம், ஆனால் என்ன வாங்குகிறீர்கள் என்று தெரிந்து வாங்குங்கள். ஐரோப்பாவில் ஒலிப்பதிவுக்கான உரிமை முன்பு 50 வருஷம். 2013இல் அதை 70 ஆக்கினார்கள், ஆனால் 1963க்கு முன்னால் வந்தவை அதற்குள் கைநழுவிவிட்டன. ஜாஸின் பொற்காலம் அப்படியே அந்தப் பக்கம் விழுந்துவிட்டது. அங்கே யார் வேண்டுமானாலும் அவற்றை அச்சிடலாம். மூல நாடா அவர்களிடம் இருக்காது. பல சமயம் சிடியிலிருந்து எடுத்து வினைலில் அச்சடித்திருப்பார்கள். அதற்கு நீங்கள் சிடியே வாங்கிவிடலாம்.

இந்த ஆல்பத்தில் இன்னொரு வேடிக்கை. பதிவு நாடா இயந்திரம் கொஞ்சம் மெதுவாக ஓடியதால் முதல் பக்கத்து மூன்று பாட்டுகளும் பல வருஷம் சற்று வேகமாக, சுருதி தூக்கலாக ஒலித்தன. 1990களில்தான் சரிசெய்தார்கள். ஆகவே ‘பழைய முதல் பதிப்புதான் உண்மை’ என்று யாராவது அடித்துப் பேசினால் இதைச் சொல்லி வாயை அடையுங்கள்.

10. அப்போ நல்ல மறுபதிப்புன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? 180 கிராம்னு போட்டிருந்தா போதுமா?

எடை, கையில் எடுத்தால் கனமாக இருக்கும் என்பதைச் சொல்கிறது, அவ்வளவுதான். எந்த நாடாவிலிருந்து எடுத்தார்கள், அச்சுக்கான மூலத் தட்டில் பள்ளங்களை யார் வெட்டினார்கள் என்பதே முக்கியம். ப்ளூ நோட் நிறுவனம் 2019 முதல் கொண்டுவரும் டோன் போயட் வரிசை மூல நாடாவிலிருந்து கெவின் கிரே வெட்டியது. விலை அதிகம் என்று தோன்றினால் அதே நிறுவனத்தின் கிளாசிக் வினைல் வரிசை இருக்கிறது. சோல் பக்கம், யாரும் கேட்காமல் போன சின்ன நிறுவனங்களைத் தோண்டியெடுக்கும் சிகாகோவின் நூமெரோ குரூப்பை நம்பலாம்.

‘முழுக்க அனலாக்’ என்ற மந்திரத்தையும் ரொம்ப நம்ப வேண்டாம். மொபைல் ஃபிடெலிட்டி நிறுவனத்தின் விலை உயர்ந்த மறுபதிப்புகளை அப்படி நினைத்துத்தான் பலர் கொண்டாடினார்கள். நடுவில் டிஜிட்டல் படி ஒன்று இருந்தது 2022இல் வெளியே வந்தது. அதுவரை அந்தத் தங்கக் காதுகளில் ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை.

11. பழைய ரெக்கார்டுல ‘வெரி குட்’னு எழுதியிருக்கான். அப்ப நல்லாத்தானே இருக்கும்?

இருக்காது. பழைய ரெக்கார்டு வியாபாரத்தில் ‘வெரி குட்’ என்றால் கீறல் கண்ணுக்குத் தெரியும், சத்தமும் காதுக்குக் கேட்கும் என்று அர்த்தம். ‘வெரி குட் பிளஸ்’ இருந்தால் பேசலாம். ‘குட்’ என்றால் ஓடுங்கள்.

உள்ளே எல்லாம் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஸ்டீவி வொண்டரின் ‘சாங்ஸ் இன் த கீ ஆஃப் லைஃப்’ (1976) இரண்டு பெரிய தட்டு, கூடவே நாலு பாட்டோடு ஒரு சின்ன ஏழு அங்குலத் தட்டு, பாட்டு வரிப் புத்தகம். நான் வாங்கியதில் புத்தகம் இருந்தது, சின்னத் தட்டு இல்லை. கேட்டதற்கு, ‘அதெல்லாம் தனியா வரும் சார்’ என்றார் கடைக்காரர். வராது.

12. வீட்டுல எல்லாரும் இருக்கும்போது போடுற மாதிரி ஒண்ணு சொல்லுங்க. என் வீட்டம்மா சாக்ஸபோன் வந்தாலே ‘அணைங்க’ங்கறாங்க.

ஷாடேவின் ‘டயமண்ட் லைஃப்’ (1984). சோல், ஜாஸ் இரண்டும் கலந்தது. சாக்ஸபோன் உண்டு, ஆனால் கோபித்துக்கொள்ள முடியாத சாக்ஸபோன். வார்த்தை அதிகம் வேண்டாம் என்றால் டெக்சாஸ்காரர்களான க்ருவாங்பினின் ‘த யூனிவர்ஸ் ஸ்மைல்ஸ் அப்பான் யூ’ (2015). பழைய தாய்லாந்துப் பாட்டுகளைக் கேட்டு ஊறிய கிதார், ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்கென்றே செய்த மாதிரி.

13. சமீபத்துல வந்த ஜாஸ்ல உருப்படியா எதுவும் இல்லைன்னு பெரியவர் ஒருத்தர் சொன்னார்.

அவரிடம் கமாசி வாஷிங்டனின் ‘தி எபிக்’ (2015) கொடுங்கள், கிட்டத்தட்ட மூன்று மணி நேரம், அதுவரை பேசாமல் இருப்பார். விஜய் ஐயரின் ‘அன்ஈஸி’ (2021) இருக்கிறது. லண்டனின் எஸ்ரா கலெக்டிவ் 2023இல் பிரிட்டனின் ஆண்டுச் சிறந்த ஆல்பத்துக்கான மெர்க்குரி பரிசு வாங்கியது. ஜாஸ் குழு ஒன்றுக்கு அது கிடைத்தது அதுவே முதல் தடவை. ‘ப்ராமிஸஸ்’ பற்றி 7இல் சொல்லிவிட்டேன்.

14. நீங்க சொன்னதை நம்பி வாங்கினேன், பிடிக்கல. இப்ப என்ன பண்றது?

வருத்தம்தான். மூன்று தடவை வேறு வேறு நேரத்தில் போட்டுப் பாருங்கள், ஒரு தடவையாவது ராத்திரி. அப்போதும் பிடிக்காவிட்டால் யாருக்காவது கொடுத்துவிடுங்கள், ‘காலத்தால் அழியாதது’ என்று யாரோ சொன்னதற்காக வைத்துக்கொண்டு தூசி தட்ட வேண்டாம். டெலிவிஷன் என்ற குழுவின் ‘மார்கீ மூன்’ (1977) ஆல்பத்தை உலகமே கும்பிடுகிறது. என்னால் பத்து வருஷம் கேட்க முடியவில்லை. அப்புறம் ஒரு நாள் பஸ்ஸில், தலைப்புப் பாட்டின் பத்து நிமிஷமும் ஓடி முடிந்ததே தெரியவில்லை. பிடிக்காததன் கவரிலும் பின்பக்கம் உண்டு. கொடுப்பதற்கு முன்னால் ஒரு தடவை படித்துவிடுங்கள்.

15. எல்லாம் சரி. ஒரே ஒரு ரெக்கார்டுதான் வாங்கக் காசு இருக்கு. எது?

போன வாரம் கேட்டவரிடம் ‘ஜஸ்ட் ஆஸ் ஐ ஆம்’ என்றேன். அதற்கு முன்னால் கேட்டவரிடம் ‘கொலாசல் யூத்’ என்று சொல்லிவிட்டுத் திட்டு வாங்கினேன். இன்றைக்கு நீங்கள் கேட்பதால் ‘ஜர்னி இன் சச்சிதானந்தா’. முதல் பாட்டில் பேஸும் தம்புராவும் கிளம்பி, ஹார்ப் தண்ணீர் மாதிரி கொட்டும் வரைக்கும் காத்திருங்கள், ஒரு நிமிஷம்கூட ஆகாது. அதுவும் பிடிக்கவில்லையென்றால் 14ஆம் கேள்விக்குப் போங்கள்.